சிகரம் என்று போனால் வேலியோரம்: இங்கிலாந்தின் கவுன்ட்டி உச்சிகள்

லண்டனிலேயே மிக உயரமான நிலம் எது என்று கேட்டால், அங்கே இருபது வருடம் குடியிருந்தவர்கள்கூட ஹாம்ஸ்டெட் பக்கம் கைகாட்டுவார்கள். அது தப்பு. மாநகரின் தென்கிழக்கு ஓரத்தில், பிக்கின் ஹில் விமானத்தளத்தையும் தாண்டி, வெஸ்டர்ஹாம் ஊருக்குப் போகும் ஏ233 சாலையோரத்தில் இருக்கிறது அந்த இடம். பெயர் வெஸ்டர்ஹாம் ஹைட்ஸ். கடல் மட்டத்துக்கு மேல் 245 மீட்டர். பிராம்லியிலிருந்து போகும் 246ஆம் எண் பேருந்து அந்த வழியாகத்தான் செல்கிறது. இடத்தின் உயரத்தைவிடப் பேருந்தின் எண் ஒன்று கூடுதல்.

முதல் தடவை போனபோது ஒரு மேடு இருக்கும், அதில் ஒரு பெஞ்சு இருக்கும், உட்கார்ந்தால் தூரத்தில் நகரம் தெரியும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். இருந்தது சாலை, வேலி, புதர், காதோரம் சீறிக்கொண்டு போகும் கார்கள். ஏறி வந்த களைப்புகூட இல்லை, ஏறியதெல்லாம் பேருந்துதானே. இதைவிட வேடிக்கை, நிலம் அங்கே முடியவே இல்லை. கூப்பிடு தூரத்தில் இன்னும் கொஞ்சம் மேலேறி 251 மீட்டரைத் தொடுகிறது. அந்த இடத்துக்குப் பெட்ஸம்ஸ் ஹில் என்று பெயர். ஆனால் அது லண்டன் கணக்கில் வராது. இடையில் எல்லைக்கோடு போகிறது, கோட்டுக்கு அந்தப் பக்கம் கென்ட். ஒரே மேட்டில் இரண்டு கவுன்ட்டிகளின் உச்சிகள். ஒன்று லண்டனுக்கு, இன்னொன்று கென்டுக்கு.

கவுன்ட்டி உச்சி என்றால் என்ன என்பது இந்த ஒரு மேட்டிலேயே விளங்கிவிடும். அது மலையின் உச்சியாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு கவுன்ட்டியின் எல்லைக்குள் அடங்கும் நிலத்தில் எந்தப் புள்ளி எல்லாவற்றையும்விட உயரமோ அதுதான் உச்சி. மலையை இயற்கை உண்டாக்கியது, கோட்டை மனிதர்கள் போட்டார்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் சில சமயம் சிகரம் கிடைக்கும், சில சமயம் வேலியோரம்தான் கிடைக்கும். இங்கிலாந்தில் இந்த உச்சிகளை ஒவ்வொன்றாகப் போய்த் தொட்டுவிட்டு வருவதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. தொட்டு முடித்த உச்சியைப் பையில் போட்டுக்கொண்டதாகச் சொல்வது அவர்கள் வழக்கம்.

எந்தக் கவுன்ட்டி?

கவுன்ட்டியை நம் மாவட்டம் போல என்று வைத்துக்கொண்டால் பாதி சரி. மீதிப் பாதிதான் குழப்பம், ஏனென்றால் இங்கிலாந்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கவுன்ட்டி வரைபடங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நூற்றாண்டுகளாக இருந்துவந்த பழைய கவுன்ட்டிகள் 39. மன்னரின் பிரதிநிதி ஒருவரை நியமிப்பதற்காகச் சட்டத்தில் வரையறுத்த சடங்குக் கவுன்ட்டிகள் 48. இது போதாதென்று உள்ளாட்சி நிர்வாகத்துக்கான பிரிவுகள் தனி. நீங்கள் எந்த வரைபடத்தைக் கையில் எடுக்கிறீர்களோ அதற்கேற்ப உச்சியும் இடம் மாறும்.

பெரிய கலக்கல் நடந்தது 1974 ஏப்ரல் 1ஆம் தேதி. 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றுவரை லங்காஷயரின் உச்சி ஓல்ட் மேன் ஆஃப் கானிஸ்டன், 800 மீட்டரைத் தாண்டும் அருமையான மலை. மறுநாள் பார்த்தால் அது கம்பிரியா என்ற புதுக் கவுன்ட்டிக்குள் இருக்கிறது. லங்காஷயருக்கு மிஞ்சியது 627, 628 மீட்டர் என்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் கிரகரத், கிரீன் ஹில் என்ற இரண்டு புல்மேடுகள். வெஸ்ட்மார்லண்ட் என்ற கவுன்ட்டியே கம்பிரியாவில் கரைந்துபோனது. அதன் உச்சியான 950 மீட்டர் ஹெல்வெலின் எங்கேயும் போகவில்லை, பட்டம் மட்டும் பறிபோனது. யார்க்ஷயர் தன் மிக்கிள் ஃபெல் மலையை டர்ஹாமிடம் விட்டுக்கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயருக்கு மட்டும் அடித்தது யோகம். சுண்ணாம்புச் சரிவில் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் செதுக்கிய வெள்ளைக் குதிரை உருவம் இருக்கும் ஒயிட்ஹார்ஸ் ஹில் பார்க்ஷயரிலிருந்து அதற்கு வந்து சேர்ந்தது. 261 மீட்டர் உயரமுள்ள அதுவே இன்றைக்கு ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் உச்சி.

இந்த இடமாற்றம் 1974இல் தொடங்கியதும் இல்லை, அதோடு நின்றதும் இல்லை. கேம்பிரிட்ஜ்ஷயரின் இன்றைய உச்சியான கிரேட் சிஷில், 146 மீட்டர், 1895இல் எசெக்ஸிடமிருந்து வந்தது. 2023இல் கம்பிரியாவின் நிர்வாகத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கம்பர்லண்ட் என்ற பழைய பெயரையும் மற்றதற்கு வெஸ்ட்மார்லண்ட் அண்ட் ஃபர்னஸ் என்ற பெயரையும் வைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்து வெஸ்ட்மார்லண்ட் மறுபடி பலகையில் ஏறியது.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என் யோசனை: பழைய 39 கவுன்ட்டிகளின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். மலைகள் கொஞ்சம் கௌரவமாக இருக்கும், அடிக்கடி மாறவும் மாறாது. சடங்குப் பட்டியலை எடுத்தால் வெஸ்டர்ஹாம் ஹைட்ஸ் மாதிரி சாலையோரங்களில் நிறைய நிற்கவேண்டி வரும். (அதிலும் ஒரு தனி ருசி உண்டு என்று வாதாடுகிறவர்களை எனக்குத் தெரியும்.)

உயரத்தை யார் சொன்னது?

பிரிட்டனின் பெருநிலத்தில் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று சொன்னால், எந்தக் கடல் என்ற கேள்விக்கும் பதில் உண்டு. கார்ன்வாலின் நியூலின் துறைமுகத்தில் 1915 முதல் 1921 வரை அலையேற்றத்தை அளந்து எடுத்த சராசரிதான் பூஜ்யம். வரைபடத்தில் நீங்கள் பார்க்கும் மலை உயரமெல்லாம் அந்தச் சிறு துறைமுகத்திலிருந்து எண்ணியது.

குன்றுகளின் மேல் சுமார் நாலடி உயரத்தில், மேலே போகப் போகக் குறுகும் சதுரக் கான்கிரீட் தூண் ஒன்றை அடிக்கடி பார்க்கலாம். டிரிக் தூண் என்பார்கள். தலையில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருக்கும், அதில் மூன்று பள்ளங்கள் ஓடும். தியோடலைட் என்ற அளவைக் கருவியின் மூன்று கால்களை அசையாமல் நிறுத்துவதற்கான பள்ளங்கள் அவை. ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு வரைபட நிறுவனம் 1936இல் தொடங்கி இப்படிச் சுமார் 6500 தூண்களை நாடு முழுக்க நட்டது. ஒரு தூணிலிருந்து இன்னும் இரண்டு தூண்களைப் பார்த்துக் கோணம் அளந்தால் முக்கோணம் கிடைக்கும், முக்கோணத்தோடு முக்கோணம் கோத்தால் நாடே கைக்குள் வந்துவிடும். வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து இந்தியாவை வரையத் தொடங்கியதும் இதே முறையில்தான்.

புதியவர்கள் ஏமாறும் இடமும் இந்தத் தூண்தான். தூண் இருந்தால் அதுதான் உச்சி என்று தொட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தூணை நட்டவர்களுக்கு வேண்டியிருந்தது நல்ல பார்வைக்கோடு, உச்சி அல்ல. க்ளஸ்டர்ஷயரின் கிளீவ் ஹில்லில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் தூண் 317 மீட்டரில் இருக்கிறது. உண்மையான உச்சி, 330 மீட்டர், இன்னும் கொஞ்சம் நடந்தால் வரும் சாதுவான புல்வெளியில். அங்கே காட்சி ஒன்றும் பிரமாதமில்லை என்பதால் பலர் போவதே இல்லை.

அருகருகே ஒரே உயரத்தில் இரண்டு குன்றுகள் நின்றுவிட்டால் அளவைக்காரர்களுக்குத் தலைவலி. டார்செட்டின் உச்சி பில்ஸ்டன் பென் என்றே வெகுகாலம் நம்பிவந்தார்கள். சரியாக அளந்து பார்த்தபோது பக்கத்தில் மரம் மூடிக் கிடந்த லூஸ்டன் ஹில் இரண்டு மீட்டர் கூடுதலாக இருந்தது: 277க்கு எதிராக 279. வில்ட்ஷயரில் மில்க் ஹில், டான் ஹில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சாணுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். மில்க் ஹில் ஜெயித்தது. கண்ணால் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

மனிதர் கொட்டிய மண் கணக்கில் வருமா? இந்தக் கேள்விக்கு நாட்டிங்ஹாம்ஷயர் போகவேண்டும். அங்கே இயற்கையான உச்சி நியூட்டன்வுட் லேன் என்ற சந்தின் அருகே, மூடிய நீர்த்தொட்டியின் பக்கத்தில், 205 மீட்டரில் இருக்கிறது. பார்க்க ஒன்றுமே இல்லை. கொஞ்ச தூரத்தில் சில்வர்ஹில் என்ற மேடு, ஏறக்குறைய அதே உயரம். நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய கழிவு மண் மலையாகக் குவிந்து, சுரங்கத்தை மூடிய பிறகு மரம் வைத்துப் பூங்காவாக மாற்றியது. அதன் தலையில் கையில் விளக்கோடு வாயுக்கசிவைச் சோதிக்கும் ஒரு சுரங்கத் தொழிலாளியின் சிலை. பட்டியல் போடுகிறவர்கள் இயற்கை நிலத்துக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். எனக்கென்னவோ அந்தக் கவுன்ட்டியின் உச்சி என்று சொல்ல அந்தச் சிலைக்குத்தான் அதிக உரிமை என்று படுகிறது. அந்த மண்ணை மேலே கொண்டுவந்தது அந்த ஊர் ஆட்களின் தோள்கள்.

மலை, சரிவு, வயல்

எல்லாமே வேலியோரம் என்று நினைத்துவிடவேண்டாம். 978 மீட்டர் ஸ்கேஃபெல் பைக் கம்பர்லண்டின் உச்சி, அதோடு இங்கிலாந்து முழுமைக்குமே உச்சி. முதல் உலகப்போரில் இறந்த லேக் டிஸ்ட்ரிக்ட் என்ற அந்த ஏரிப் பகுதி ஆண்களின் நினைவாக 1919இல் லெகன்ஃபீல்ட் பிரபு அதை நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அறக்கட்டளைக்குக் கொடுத்தார். மேலே மண் கிடையாது, பாறை உருண்டைகள்தான். வெயில் காலத்தில்கூட மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. திசைகாட்டியும் காகித வரைபடமும் இல்லாமல் போகிற இடமில்லை, செல்போன் சார்ஜை நம்பி இறங்கியவர்களைத் தேடிக்கொண்டு மீட்புக் குழுத் தன்னார்வலர்கள் ராத்திரியில் ஏறவேண்டி வரும்.

நார்தம்பர்லண்டின் செவியட், 815 மீட்டர், வேறு மாதிரி. தலை தட்டை, தட்டை முழுக்கக் கரிச்சேறு. பீட் என்ற கறுப்புச் சேற்றுமண் அது, காலை உள்ளே இழுக்கும். இப்போது நடைபாதையில் கல்பலகைகள் பாவியிருக்கிறார்கள். டெர்பிஷயரின் கிண்டர் ஸ்கவுட்டும் இப்படித்தான். 636 மீட்டர் என்று வரைபடம் சொல்லும், மேலே போனால் கண்ணுக்கெட்டிய வரை சேற்றுமேடும் பள்ளமும். இதில் எது உச்சி என்று ஒரு மணிநேரம் தேடலாம்.

ஸ்டாஃபோர்ட்ஷயரின் உச்சி, 520 மீட்டர், சீக்ஸ் ஹில் என்ற இடத்தில் ஒரு கற்சுவரை ஒட்டி இருக்கிறது. அங்கே நின்றால் நிலம் உங்கள் கண்முன்னே மேலே போய்க்கொண்டே இருக்கும். அந்த ஆக்ஸ் எட்ஜ் முகடு 551 மீட்டர்வரை எழும்புகிறது, ஆனால் அதெல்லாம் டெர்பிஷயர்.

பழைய கவுன்ட்டி உச்சிகளிலேயே தாழ்ந்தது ஹன்டிங்டன்ஷயரில் இருக்கிறது. சுமார் 80 மீட்டர், விவசாய நிலம். அதன் பெயர் போரிங் ஃபீல்ட். தமிழில் சொன்னால் சலிப்பு வயல். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பெயரே அதுதான்.

யார் நிலம்?

நம்மூரில் வயல்வரப்பில் யாரும் நடக்கலாம் என்ற நினைப்போடு போனால் சிக்கல். இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லா நிலமும் யாரோ ஒருவருடையது. நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமையுள்ள பொதுப் பாதைகளை வரைபடம் பச்சைப் புள்ளிக்கோடாகவோ வேறு நிறத்திலோ காட்டும். அந்தப் பாதையில் போகலாம், அதைவிட்டு விலகி வயலுக்குள் இறங்கக்கூடாது. மேட்டுநிலங்கள், புதர்வெளிகள், பொதுமேய்ச்சல் நிலங்கள் ஆகியவற்றில் பாதை இல்லாமலும் சுற்றலாம் என்ற உரிமையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்தது.

அந்த உரிமை சும்மா வரவில்லை. மேலே சொன்ன கிண்டர் ஸ்கவுட்டில் ஒரு காலத்தில் வேட்டைக்காகப் பறவை வளர்க்கும் நிலக்காரர்கள் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். 1932 ஏப்ரல் 24ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர், பென்னி ராத்மன் என்ற இளைஞர் முன்னே போக, காவலாளிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு மேலே ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்காவை 1951இல் அறிவித்தபோது, கிண்டர் அதற்குள் இருந்தது.

இன்றைக்கும் எல்லா உச்சியும் திறந்து கிடக்கவில்லை. கென்டின் பெட்ஸம்ஸ் ஹில் தனியார் நிலம், பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துத் திருப்திப்படவேண்டும். டெவனின் ஹை வில்ஹேஸ், 621 மீட்டர், ராணுவத் துப்பாக்கிப் பயிற்சி நிலத்துக்குள் இருக்கிறது. சுடும் நாள்களை முன்கூட்டியே வெளியிடுவார்கள், பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் ஏற்றுவார்கள். கொடி பறந்தால் திரும்பிவிடவேண்டும், அவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று யோசிக்கவே கூடாது. மிக்கிள் ஃபெல்லும் ராணுவ நிலம், அனுமதி வாங்கித்தான் ஏறமுடியும்.

ஆரம்பிக்க ஓர் இடம்

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப, சர்ரேயின் லீத் ஹில்லைச் சொல்வேன். 294 மீட்டர். வரைபடத்தில் டிகியூ 139 431. அதென்ன எழுத்தும் எண்ணும் என்றால், ஆர்ட்னன்ஸ் சர்வே நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து இரண்டு எழுத்தால் அழைக்கிறது. பின்னால் வரும் முதல் மூன்று இலக்கம் அந்தக் கட்டத்துக்குள் கிழக்கே எவ்வளவு, அடுத்த மூன்று வடக்கே எவ்வளவு. ஆறு இலக்கம் சொன்னால் நூறு மீட்டர் சதுரம் ஒன்று கிடைக்கும். லீத் ஹில்லுக்கு இது போதும், சலிப்பு வயலுக்குப் பத்து இலக்கம் வேண்டும்.

டார்கிங்குக்குத் தெற்கே ஹோம்வுட் என்ற சின்ன ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே நடக்கலாம். ரயில்கள் குறைவு, குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை அதை நம்பிக் கிளம்பவேண்டாம். காரில் வருகிறவர்கள் பலர் விண்டி கேப் என்ற இடத்தில் நிறுத்துவார்கள். அங்கிருந்து படிக்கட்டுப் பாதை செங்குத்தாக மேலே போகும், தொலைவு கொஞ்சம், மூச்சு வாங்குவது நிறைய. மணற்கல் பூமி என்பதால் மழை பெய்த மறுநாளும் சேறு அதிகமிருக்காது. சுண்ணாம்புக் குன்றுகளில் வெள்ளைக் களிமண் செருப்பில் அப்பிக்கொண்டு வீடுவரை வரும். இங்கே ஊசியிலை மரங்கள், கால்மட்டத்தில் பில்பெரிச் செடி, கீழே பழுப்பு மணல்.

உச்சியில் ஒரு கோபுரம். ரிச்சர்ட் ஹல் என்ற பக்கத்து நிலக்காரர் 1760களின் நடுவில் கட்டியது. வாசலுக்கு மேல் லத்தீனில் ஒரு கல்வெட்டு: தன் இன்பத்துக்கு மட்டுமல்ல, அக்கம்பக்கத்தார்க்கும் எல்லோருக்குமாகக் கட்டியது என்று சொல்கிறது. 1772இல் அவர் இறந்தபோது கோபுரத்துக்கு அடியிலேயே புதைத்தார்கள். பிறகு அது பாழடைந்தது, உள்ளே கல்லும் காரையும் கொட்டி அடைத்துவிட்டார்கள். 1864இல் மறுபடி திறக்க நினைத்தவர்களுக்கு அதைத் தோண்டி எடுக்க முடியவில்லை. அதனால் பக்கத்தில் ஒட்டினாற்போல் தனியாக ஒரு படிக்கட்டுக் கூண்டைக் கட்டிவிட்டார்கள். இன்றைக்கு நீங்கள் சுற்றிச் சுற்றி ஏறுவது அந்தக் கூண்டுக்குள்தான். நிலம் 965 அடி, கோபுரத்தின் மேல்தளம் ஆயிரம் அடிக்கு மேல். ஆனால் உங்கள் கணக்கில் அது சேராது, உச்சி என்பது கோபுரத்தின் அடியில் இருக்கும் மண். படியேறுவதற்கு முன்பே நீங்கள் உச்சியைத் தொட்டாயிற்று.

இருந்தாலும் ஏறுங்கள். வடக்கே லண்டனின் உயரக் கட்டடங்கள் தீப்பெட்டி அடுக்கினாற்போல் தெரியும். தெற்கே வீல்ட் என்ற தாழ்ந்த காட்டுவெளி. அதற்கப்பால் சவுத் டவுன்ஸ் மலைவரிசை, அந்த வரிசையில் ஷோர்ஹாம் பக்கம் ஓர் இடைவெளி. வானம் நன்றாகத் தெளிந்த நாளில் அந்த இடைவெளிக்குள் மெல்லிய வெள்ளிக்கோடு ஒன்று மின்னும். அது கடல். நான் மூன்று தடவை போனதில் ஒரு தடவைதான் தெரிந்தது, அதுவும் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் விரல் நீட்டிக் காட்டிய பிறகு. கீழே இறங்கி வந்தால் கோபுரத்தின் அடியில் ஒரு ஜன்னலில் தேநீரும் கேக்கும் விற்பார்கள். கேக் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் முதலில் அதை வாங்கிக்கொண்டு மேலே ஏறுவது உத்தமம்.